மூளையில் ரத்தம் கசிந்திருக்கும்போது ஏன் ஹெப்பாரின் போடுகிறார்கள்?

கேள்வி இது. தங்கைக்கு 24 வயது, சிசேரியன் ஆகி 11 நாள். நான்கு நாளாகத் தலைவலி. "முதுகில் போட்ட ஊசியால் வருவது, தானாகப் போய்விடும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நேற்று விடியற்காலை வலிப்பு வந்தது. அதன் பிறகு வலது கையைத் தூக்க முடியவில்லை. மூளையில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, பக்கத்தில் கொஞ்சம் கசிந்தும் இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். இப்போது வயிற்றில் ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், "ரத்தம் கசிந்த மூளைக்கு ரத்தத்தை இளக்கும் ஊசியா? உடனே நிறுத்தச் சொல்லுங்கள்" என்கிறார். நிறுத்தச் சொல்லலாமா, வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று அண்ணன் கேட்கிறார்.

நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் தங்கையை நான் பார்க்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அங்கே நடப்பது சரியான வைத்தியம். அந்த ஊசிதான் இப்போது அவருக்கு முக்கியமான மருந்து. உறவினர் அக்கறையில்தான் சொல்கிறார். அவர் மனதில் இருப்பது ரத்தக்குழாய் வெடித்து வரும் பக்கவாதம். அதற்கு இந்த ஊசி போட்டால் ஆபத்துதான். இது வேறு நோய். எப்படி வேறு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். அது புரிந்தால் அடுத்த பத்து நாளை நீங்கள் பதறாமல் கடக்கலாம்.

முதலில் இரண்டு வார்த்தைக் குழப்பங்கள். "மூளையில் ரத்தக் கட்டி" என்று வார்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். புற்றுநோய்க் கட்டியோ என்று வீட்டுப் பெரியவர்கள் அழுதே விடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். இது உறைந்த ரத்தம், அவ்வளவுதான். கட்டி என்பதைவிட உறைவு என்பதே பொருத்தம். அடுத்தது, ரிப்போர்ட்டில் சைனஸ் என்று எழுதியிருக்கும். மூக்கடைப்பு சைனஸ் இல்லை இது. மூளையில் வேலை முடிந்த ரத்தம் வெளியேறும் பெரிய வடிகால் குழாய்களுக்கும் அதே பெயர். உச்சந்தலையின் நடுவே முன்னிருந்து பின்னாக ஒன்று ஓடுகிறது. அது பின்மண்டையில் இரண்டாகப் பிரிந்து, காதுகளுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து வழியாக இதயத்துக்குப் போகிறது. டாக்டர்கள் சி.வி.டி. என்று சுருக்கிச் சொல்வது இந்த வழியில் எங்காவது ரத்தம் உறைந்து அடைப்பதைத்தான்.

வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மதகு திறந்திருக்கிறது, தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. கீழே வடிவாய்க்கால் அடைத்துவிட்டது. தண்ணீர் தேங்கும், பயிர் அழுகத் தொடங்கும், ஒரு கட்டத்தில் வரப்பு உடையும். உங்கள் தங்கையின் மூளையில் நடந்தது அதுதான். வெளியேற வழியில்லாத ரத்தம் பின்னால் தேங்கி, சின்னக் குழாய்களில் அழுத்தம் ஏறி, அந்தப் பகுதி வீங்கி, கடைசியில் ஓர் இடத்தில் கசிந்தது. அந்தக் கசிவு இந்த அடைப்பின் விளைவு. உடைந்த வரப்பில் மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தால் போதாது. வடிவாய்க்கால் அடைத்தபடி இருந்தால் அடுத்த வரப்பும் உடையும். உறைவு வளர்ந்து பக்கத்துக் கிளைகளுக்கும் பரவினால் வீக்கமும் கசிவும் கூடும். அதனால்தான் கசிவு இருந்தும் ஹெப்பாரின் போடுகிறோம். சொல்லப்போனால் கசிவு பெரிதாகாமல் இருக்கவும் அதுவே வழி.

இது வெறும் தர்க்கமாக நிற்கவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக்கில் ஐன்ஹாய்ப்ல் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவும் செய்த ஆய்வு 1991-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அந்தக் காலத்தில் உங்கள் உறவினருக்கு இருக்கும் அதே பயம் உலகம் முழுவதும் டாக்டர்களுக்கும் இருந்தது. அவர்கள் 10 பேருக்கு ஹெப்பாரினும் 10 பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஹெப்பாரின் போட்டவர்களில் 8 பேர் முழுதாகக் குணமாகியிருந்தார்கள், 2 பேருக்கு லேசான குறை, யாரும் இறக்கவில்லை. மற்ற 10 பேரில் 3 பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர்தான் முழுதாகத் தேறினார். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் 20 பேரோடு ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அதே கட்டுரையில் பழைய நோயாளிகளின் கணக்கும் இருக்கிறது. மூளையில் கசிவோடு இருந்து ஹெப்பாரின் பெற்ற 27 பேரில் 4 பேர் இறந்தார்கள், பெறாத 13 பேரில் 9 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை சிறியதுதான். 1999-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 59 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில் பலன் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் கசிவு இருந்தவர்களுக்கும் ஊசி போட்டதில் புதிதாக மூளையில் ரத்தக்கசிவு வரவில்லை. அதன் பிறகு வந்த வழிகாட்டுதல்கள் எல்லாம் ஒரே குரலில்தான் சொல்கின்றன: சி.வி.டி.யில் கசிவு இருப்பது ஹெப்பாரினுக்குத் தடையில்லை.

"ரத்தத்தை இளக்கும் ஊசி" என்ற பெயரும் தவறான எண்ணத்தைத் தருகிறது. ரத்தம் தண்ணீர் போல ஆவதில்லை. ஏற்கெனவே உறைந்ததை இந்த ஊசி கரைப்பதும் இல்லை. புதிதாக உறைவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். உறைந்ததைக் கரைக்கும் வேலையை உடம்பே செய்கிறது. அதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். "மூன்று நாளாக ஊசி போடுகிறார்கள், இன்னும் கரையவில்லையே" என்று கேட்காதீர்கள். வயிற்றுத் தோலில் போடுவது பெரும்பாலும் இனாக்சாபாரினாக இருக்கும். உடல் எடைக்கு ஏற்ற அளவு, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. எடையை உத்தேசமாகப் போடாமல் அளந்து பார்த்தார்களா, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து பார்க்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஹெப்பாரின் தொடங்கி ஐந்து முதல் பத்து நாளுக்குள் அபூர்வமாகச் சிலருக்கு பிளேட்லெட் குறையும். அப்படி ஆனால் மருந்தை மாற்ற வேண்டும்.

இனி உங்கள் கண் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். முதல் சில நாட்கள் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும் நிலைமை சற்று மோசமாகிறது. அதை மருந்தின் தவறு என்று நினைத்து ஆம்புலன்ஸ் ஏற்றிவிடாதீர்கள். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, நேற்றைவிட அதிகமாகத் தூங்குகிறாரா, சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா, ஒரு பக்கக் கண்பாவை பெரிதாகிறதா, வாந்தி கூடுகிறதா என்று பாருங்கள். எதையும் "அசதியாக இருக்கும்" என்று நீங்களே முடிவு செய்யாமல் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸுக்கு நாற்பது நோயாளிகள் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு ஒரே ஒரு நோயாளிதான்.

ஒருவேளை வீக்கம் அதிகமாகி நினைவு மங்கினால், மண்டை ஓட்டின் ஒரு துண்டை எடுத்து மூளைக்கு இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துப் பத்திரப்படுத்தி, சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்துவது நம் ஊரில் வழக்கம். கேட்கவே பயமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்: அந்த நிலைமை வந்தால் கையெழுத்துப் போட ஊரிலிருந்து மாமா வரட்டும் என்று ஆறு மணி நேரம் காக்க வேண்டாம். இந்த அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மோசமாக இருந்த 118 பேரைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து 2024-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு வருடம் கழித்து மூன்றில் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். மூன்றில் ஒருவர் அடுத்தவர் துணையில்லாமல் வாழும் அளவுக்குத் தேறியிருந்தார். அறுவை சிகிச்சை இல்லாமல் விட்டிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் பிழைத்திருக்க மாட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது பற்றியும் இதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் இடத்தில் நரம்பியல் மருத்துவர், சி.டி. ஸ்கேன், ஐ.சி.யூ. இருக்கிறதா, தேவைப்பட்டால் இரவிலும் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் வருவாரா? ஆம் என்றால் அங்கேயே இருங்கள். இல்லை என்றால் அவர் நன்றாக இருக்கும்போதே மாற்றுங்கள். நினைவு தப்பிய பிறகு வண்டியில் ஏற்றுவதுதான் ஆபத்து. "கம்பி விட்டு உறைவை எடுத்துவிடலாமே" என்று யாராவது சொன்னால், அதை எல்லோருக்கும் செய்வதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கடுமையான நோயாளிகள் 67 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. வழக்கமான வைத்தியத்தைவிட அதில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஹெப்பாரின் கொடுத்தும் மோசமாகிக்கொண்டே போகிறவர்களுக்கு மட்டும் இன்றும் அதை யோசிக்கிறோம்.

வலிப்பு ஒரு முறை வந்துவிட்டதால் வலிப்பு மாத்திரை சில மாதமாவது தொடரும். கண் டாக்டர் ஒரு முறை கண்ணின் உட்பகுதியைப் பார்க்க வேண்டும். தலைக்குள் அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு வீங்கிப் பார்வை போகக்கூடும், போன பார்வை திரும்புவது கடினம். வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுக்கலாமே என்ற யோசனையும் வரும். இந்த நோயில் அதனால் நன்மை இல்லை என்பதே அனுபவம்.

சரி, இது ஏன் வந்தது? பிரசவத்தில் அதிகம் ரத்தம் போகாமலிருக்க, கர்ப்ப காலத்திலேயே உடம்பு ரத்தம் சீக்கிரம் உறையும்படி தன்னை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் குழந்தை பிறந்த மறுநாள் மறைவதில்லை, ஆறு வாரம் வரை நீடிக்கும். முதல் இரண்டு மூன்று வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. இதோடு ரத்தசோகை, பி12 குறைவு, காய்ச்சல், உடம்பில் நீர் குறைவது ஏதாவது சேர்ந்தால் கதவு திறந்துவிடும். இந்தியாவில் பிரசவத்துக்குப் பின் வரும் சி.வி.டி. ஒரு காலத்தில் மிக அதிகம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையின் மருத்துவர்கள் பல ஆண்டுகள் இப்படி வந்த தாய்மார்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு பெருக்கும், தையல் ஆறாது, குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீரோடு நிறுத்துகிறார்கள். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறை, சித்திரை வெயில், பால் சுரக்கும் உடம்பு, இரண்டு டம்ளர் தண்ணீர். பாட்டி அன்பாகத்தான் செய்கிறார். பத்தியச் சாப்பாட்டில் பூண்டும் மிளகும் இருக்கட்டும், எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. தண்ணீரில் மட்டும் கை வைக்காதீர்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க விடுங்கள். படுக்கையிலேயே கிடக்க விடாமல் நடக்கவும் வையுங்கள்.

தலைவலி பற்றியும் சொல்ல வேண்டும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, பிரசவமாகி ஒன்பது நாளான பெண் ஒருவரைத் தலைவலிக்கு மாத்திரை கொடுத்து இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டாவது முறை அனுப்பியவன் நான். முதுகில் மயக்க ஊசி போட்டதால் வரும் வலி என்று எழுதினேன். அது எப்படி இருக்கும் என்று அப்போதே படித்திருந்தேன்: உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் குறையும். அந்தப் பெண், "படுத்தால்தான் அதிகமாக இருக்கிறது, முக்கினால் மண்டை பிளக்கிறது" என்று சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. மூன்றாவது முறை அவர் வலிப்போடு வந்தார். பிழைத்தார், ஆனால் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. அதிலிருந்து பிரசவமான பெண் தலைவலி என்றால் முதலில் நான் கேட்பது, "படுத்தால் குறைகிறதா, கூடுகிறதா?" முதலில் படுத்தால் குறைந்த வலி பிறகு எந்நேரமும் இருக்கும் வலியாக மாறினாலும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். உங்கள் வீட்டில் நான்கு நாள் விட்டுவிட்டோமே என்று குற்ற உணர்ச்சியில் இருப்பீர்கள். டாக்டர்களே தவறவிடும் நோய் இது.

உங்கள் தங்கைக்குப் பொருந்தாவிட்டாலும் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. கோயில் விசேஷம், கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் நாரெதிஸ்டிரோன் மாத்திரை வாங்கிப் பத்து நாள் போடுகிறார்கள். அதன் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அந்த மாத்திரை போட்டுவிட்டு விரதமும் இருந்து, சி.வி.டி.யோடு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தீராத தலைவலியோடு டாக்டரிடம் போனால், அந்த மாத்திரை சாப்பிட்டதைக் கேட்காமலே சொல்லுங்கள்.

அப்புறம் பரிசோதனைகள். ரத்தம் உறையும் தன்மைக்கான பெரிய பட்டியல் ஒன்றை இப்போதே எடுக்கச் சொல்லலாம். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் மூன்றும் ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் புரதங்கள். அதில் புரோட்டீன் எஸ் குறைவு என்று வந்தால் பரம்பரை நோய் என்று பயப்படாதீர்கள். பிரசவ காலத்தில் அது எல்லோருக்கும் குறைவாகத்தான் இருக்கும். புதிதாக ரத்தம் உறைந்திருக்கும்போது புரோட்டீன் சி-யும் குறையும். ஹெப்பாரின் ஆன்டித்ராம்பினைக் குறைக்கும், ஊசிக்குப் பிறகு கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சி, எஸ் இரண்டையும் குறைக்கும். ஆகவே இந்தப் பரிசோதனைகளைச் சிகிச்சை முடிந்த பிறகு எடுப்பதே பணத்துக்கும் மனதுக்கும் நல்லது. இப்போது பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், பி12, ஹோமோசிஸ்டீன், ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி. கடைசியாகச் சொன்னது பாசிடிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

நிலைமை சீரானதும் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றுவார்கள். வார்ஃபரின் அல்லது அசிட்ரோம். சில நாள் ஊசியும் மாத்திரையும் சேர்ந்தே போகும், இது தவறு இல்லை. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை 2-க்கும் 3-க்கும் நடுவில் வந்த பிறகுதான் ஊசியை நிறுத்த முடியும். ஐ.என்.ஆர். நோட்டு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தேதி, அளவு, மாத்திரை எவ்வளவு என்று எழுதுங்கள். கீரையே சாப்பிடக் கூடாது என்பார்கள். அப்படி இல்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஆடக் கூடாது, ஒரே அளவாக இருக்கட்டும். வலிக்கு டைக்ளோபினாக் மாதிரி மாத்திரை வேண்டாம், பாராசிட்டமால் போதும். இடுப்பில் ஊசி வேண்டாம். லேகியம், சூரணம் எதையும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை வார்ஃபரினோடு ஒப்பிட்டு 120 பேரிடம் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. இரண்டிலும் ஒருவருக்குக் கூட மறுபடி ரத்தம் உறையவில்லை, பெரிய ரத்தக்கசிவும் அபூர்வம். நல்ல மருந்துகள்தான். ஆனால் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அவற்றைத் தருவதில்லை. ஆன்டிபாஸ்போலிபிட் நோய் உறுதியானவர்களுக்கும் வார்ஃபரின்தான் சரி. பிரசவத்தை ஒட்டி வந்த உறைவுக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் மாத்திரை போதும். பிறகு சிரைகளைப் பார்க்க எடுக்கும் எம்.ஆர்.வி. ஸ்கேனில் "ஓரளவுதான் திறந்திருக்கிறது" என்று வந்தால் வைத்தியம் தோற்றது என்று அர்த்தமில்லை. பக்கத்துச் சிரைகள் வழியாக ரத்தம் வடியப் பழகிவிடும். தலைவலி இல்லாமல், பார்வை சரியாக இருந்தால் போதும்.

தேறுவாரா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் மனதில் இருக்கும். 21 நாடுகளில் 624 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2004-இல் வந்தது. அவர்களில் 79 சதவீதம் பேர் குறையில்லாமலோ, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்காத சின்னக் குறையோடோ தேறினார்கள். மூளையில் மறுபடி உறைவு வந்தது 2.2 சதவீதம் பேருக்குத்தான். பிரசவம் போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்த பெண்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். கை பலவீனத்துக்கு பிசியோதெரபியை இப்போதே, படுக்கையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். அடுத்த குழந்தை பெறலாம். ஆனால் மாத்திரை ஓடும் காலத்தில் கர்ப்பம் கூடாது, வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். மாலா-என், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அவை இனி அவருக்கு எப்போதும் வேண்டாம். வேறு முறையை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த கர்ப்பம் உறுதியானவுடன் பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு போய் நில்லுங்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் குறைந்த அளவில் இதே ஊசி தேவைப்படும்.

அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள், இவ்வளவு மருந்துக்கு நடுவில் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று. கொடுக்கலாம். இனாக்சாபாரினும் வார்ஃபரினும் குழந்தையைப் பாதிக்கும் அளவுக்குப் பாலில் போவதில்லை. வலிப்பு மாத்திரையின் பெயரை மட்டும் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்கினாலோ சரியாகக் குடிக்காவிட்டாலோ அவரிடம் காட்டுங்கள். தங்கை அரைத் தூக்கத்தில் இருந்தால் பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள், சுரப்பு நிற்காமல் இருக்கும். விழித்திருந்தால் குழந்தையை அவர் பக்கத்தில் படுக்க வைத்து, யாராவது ஒருவர் கையால் பிடித்துக்கொண்டு கொடுக்க வையுங்கள். மறுபடி வலிப்பு வந்தால் குழந்தை கீழே விழாது. இனி வராது என்று டாக்டர் சொல்லும் வரை, வீட்டுக்குப் போன பிறகும் குழந்தையை அவர் தனியாகக் குளிப்பாட்ட வேண்டாம்.